நம் ஊர்க் குறை நாடாளுமன்றத்துக்குப் போகும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் தொகுதி எம்.பி. அவையில் எழுந்து ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசினால் அந்த வீடியோ அன்று மாலைக்குள் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிவிடும். ஆனால் அவர் எந்த விதியின்கீழ் பேசினார் என்று யாரும் பார்ப்பதில்லை. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டுமா, எத்தனை நாளில், அந்தப் பதில் அரசைக் கட்டுப்படுத்துமா என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான். பயணிகள் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், ஓய்வூதியர் சங்கம் போன்றவை எம்.பி. அலுவலகத்துக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மக்களவையை முன்வைத்தே சொல்கிறோம். மாநிலங்களவை வேறுபடும் இடங்களில் அதைக் குறித்திருக்கிறோம்.

எந்தக் குறையை நாடாளுமன்றத்தில் எழுப்ப முடியும்?

மத்திய அரசு பொறுப்பேற்க வேண்டிய எதையும் எழுப்பலாம். ரயில், தேசிய நெடுஞ்சாலை, அஞ்சல், பாஸ்போர்ட், பி.எஃப். ஓய்வூதியம், விமான நிலையம், தொலைத்தொடர்பு, வருமான வரி, இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்கள், வெளிநாட்டில் சிக்கிய தொழிலாளர்கள் எல்லாம் இதில் வரும். தெருவிளக்கு, பட்டா மாறுதல், காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுப்பது, பேருந்து வசதி ஆகியவை மாநிலப் பொருள்கள். அவற்றைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்தால் நாடாளுமன்றச் செயலகத்திலேயே நின்றுவிடும். அவற்றுக்கு எம்.எல்.ஏ.தான் வழி.

மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செய்யும் திட்டங்களில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் உங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை என்று கேட்டால் ‘குடிநீர் மாநிலப் பொருள்’ என்ற ஒரு வரியோடு பதில் முடிந்துவிடும். அந்த மாவட்டத்துக்கு மத்தியப் பங்காக எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா என்று கேளுங்கள். அப்போது அமைச்சகம் தன் கையிலுள்ள கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி: நமக்கு எது நல்லது?

நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார். அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, குறியிடாதவை 230. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையில் காலை 11 மணிக்கு அவை கூடியதும் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 முதல் பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள்.

எல்லாரும் நட்சத்திரம் வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 20 கேள்வி என்றால் ஒன்றுக்கு 3 நிமிடம். கேட்ட உறுப்பினருக்குத் துணைக் கேள்வி, மற்றவர்களுக்குத் துணைக் கேள்வி, நீட்டி முழக்கும் பதில் என்று போனால் நான்கைந்து கேள்விகளிலேயே மணி 12 ஆகிவிடும். பட்டியலில் இருந்த 20 கேள்விகளும் அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டது 2019 நவம்பர் 27 அன்று. அதற்கு முன் அப்படி நடந்தது 1972-ல்! உங்கள் கேள்வி பட்டியலில் 14-ஆவது என்றால் நட்சத்திரம் இருந்தும் எழுத்துப் பதில்தான் கிடைக்கும்.

ஊர் அளவிலான குறைக்கு, தேதியும் தொகையும் வேண்டுமென்றால், குறியிடாத கேள்வியே மேல். அட்டவணை போட்டுப் பதில் தருவார்கள். அது அச்சில் நிற்கும். கொள்கையிலேயே கோளாறு, அமைச்சரை நேருக்கு நேர் மடக்க வேண்டும் என்றால் மட்டும் நட்சத்திரத்துக்கு முயலுங்கள்.

எத்தனை நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும்?

குறைந்தது 15 முழு நாட்கள். நோட்டீஸ் கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் இந்தக் கணக்கில் சேராது. அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, வாரத்தின் ஐந்து நாட்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். ரயில்வேக்கு எந்தக் கிழமையோ அந்தக் கிழமையில்தான் ரயில்வே கேள்வி வரும். ஆகவே கூட்டத்தொடர் நான்கு வாரம் என்றால் உங்கள் அமைச்சகத்துக்கு அதிகபட்சம் நான்கு வாய்ப்புதான்.

ஓர் உறுப்பினர் மக்களவையில் ஒரு நாளுக்கு இரு வகையும் சேர்த்து ஐந்து நோட்டீஸ்தான் கொடுக்கலாம். அவற்றில் ஒன்றுதான் நட்சத்திரப் பட்டியலில் இடம்பெற முடியும். வந்த நோட்டீஸ்களைக் குலுக்கல் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். எம்.பி. நல்லவர், கேள்வியும் நல்ல கேள்வி, ஆனாலும் பட்டியலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் குலுக்கல்தான் காரணம். அடுத்த வாரத்துக்கு மீண்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தொடருக்கு ஒரு மாதம் முன்பே வரைவு எம்.பி. அலுவலகத்தில் இருக்க வேண்டும். தொடர் தொடங்கிய பிறகு மனுவோடு டெல்லிக்கு ரயில் ஏறுவதில் பலனில்லை. முதல் இரண்டு வாரத்துக்கான பட்டியல் அப்போது மூடப்பட்டிருக்கும்.

கேள்வியை எப்படி எழுத வேண்டும்?

மக்களவை நடைமுறை விதி 41 சொல்வது சுருக்கமாக இது: 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், கிண்டல், குற்றச்சாட்டு, அனுமானம் கூடாது. கருத்தைக் கேட்கக் கூடாது, ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்ற கற்பனைக் கேள்வி கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது கூடாது. ஏற்கெனவே பதில் சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூடாது.

இதையெல்லாம் கடைப்பிடித்தும் கேள்வி சொத்தையாகப் போவதுண்டு. ரயில்வே மேம்பாலம் கேட்டுப் பொதுவாக எழுதித் தரப்படும் வரைவு இப்படி இருக்கும்: ‘(அ) எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மக்கள் மணிக்கணக்கில் காத்திருப்பதை அரசு அறியுமா, (ஆ) ஆம் எனில் மேம்பாலம் கட்ட நடவடிக்கை எடுக்கப்படுமா, (இ) எப்போது கட்டி முடிக்கப்படும்?’

அமைச்சகத்துக்கு இதைவிட வசதியான கேள்வி கிடையாது. ‘(அ) இல்லை, ஐயா. (ஆ), (இ): இக்கேள்விகள் எழவில்லை.’ அவ்வளவுதான். பின்னால் உள்ள பகுதிகள் ‘ஆம் எனில்’ என்று முதல் பகுதியில் தொங்குகின்றன. முதல் ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் விழுந்துவிடும்.

அதே குறையை இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

‘(அ) இந்த ரயில் கோட்டத்தில் டி.வி.யு. அளவு ஒரு லட்சத்தைத் தாண்டிய லெவல் கிராசிங்குகள் எவை. ஒவ்வொன்றிலும் கடைசியாகக் கணக்கெடுத்த தேதி என்ன. (ஆ) அவற்றில், குறிப்பாக இன்ன எண் கிராசிங்கில், மேம்பாலம் அமைக்க மாநில அரசிடமிருந்து வந்த கருத்துருக்கள் எவை, எந்தத் தேதியில் வந்தன, இப்போதைய நிலை என்ன. (இ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் அப்பணிகளுக்கு ஒதுக்கிய தொகையும் செலவிட்ட தொகையும் ஆண்டுவாரியாக என்ன. (ஈ) ஒவ்வொரு பணிக்கும் நிர்ணயித்த கெடு என்ன?’

டி.வி.யு. என்பது ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது. 50 ரயில், 2,000 வாகன அலகு என்றால் சரியாக ஒரு லட்சம். அந்த அளவை எட்டினால்தான் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டும் தகுதி வரும். கணக்கெடுப்பு பழையதாக இருந்தால் அதுவே பதிலில் அம்பலமாகும். ஒரு பகுதி இன்னொன்றைச் சாய்ந்து நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எதற்கும் ‘எழவில்லை’ என்று சொல்ல வழியில்லை. ஒற்றைக் கேட்டை மட்டும் கேட்டால் ‘சிறு விஷயம்’ என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. கோட்டம் முழுவதையும் கேட்டு, நடுவில் நம் ஊரைச் செருகியது அதற்காகத்தான்.

சங்கங்கள் செய்யும் இன்னொரு தவறு, தனி ஆளின் வழக்கை அப்படியே கேள்வியாக்குவது. ஒருவருடைய ஓய்வூதிய ஆணை வரவில்லை என்பது கேள்வியாக ஏற்கப்படாது. அந்த மண்டல அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் தேங்கிய விண்ணப்பங்கள் எத்தனை என்பது ஏற்கப்படும்.

அந்தப் பதிலை உண்மையில் யார் எழுதுகிறார்கள்?

அமைச்சகத்தின் ஒரு பிரிவு அலுவலர்தான் முதல் வரைவை எழுதுகிறார். களத்திலிருந்து விவரம் கேட்டு, மேலதிகாரிகள் வழியாக அமைச்சரிடம் ஒப்புதலுக்குப் போகும். நட்சத்திரக் கேள்வி என்றால் கூடவே ‘துணைக் கேள்விகளுக்கான குறிப்பு’ என்று ஒரு கட்டு தயாராகும். பதில் இரண்டு பக்கம், குறிப்பு நாற்பது பக்கம் என்பதெல்லாம் சகஜம். அன்று காலை அதிகாரிகள் அவையில் தங்களுக்குரிய மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சர் தடுமாறினால் துண்டுச்சீட்டு கீழே போகும்.

இதனால் நமக்கு ஒரு நன்மை. பதில் எப்படி வந்தாலும், கேள்வி போனதே கீழ்மட்ட அலுவலகத்தில் கோப்பைத் தேடி எடுக்க வைக்கும். நாடாளுமன்றக் கேள்விக்கு விவரம் கேட்டு வரும் கடிதத்தை எந்த அலுவலகமும் மேசையில் போட்டுவைக்காது. கேள்வி பட்டியலில் வருவதற்குள்ளேயே வேலை நடந்துவிட்ட ஊர்களும் உண்டு.

‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமா?

ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அது நல்ல பதில்! காரணம் இதுதான்.

‘தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’, ‘இது பரிசீலனையில் உள்ளது’, ‘நான் இதைக் கவனிக்கிறேன்’ போன்ற சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அமைச்சர் அவையில் அப்படிச் சொன்னால் அது ‘உறுதிமொழி’ ஆகிவிடும். அரசு உறுதிமொழிக் குழு அதைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். மக்களவையில் இந்தக் குழு 1953 முதல் இருக்கிறது. உறுப்பினர்கள் 15 பேர். மாநிலங்களவையில் 1972 முதல், 10 பேர். உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் அமைச்சகம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். அவகாசத்துக்கு மேல் அவகாசம் கேட்டால் குழு அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கும்.

கறாராகப் பேசும் அமைச்சரைவிட, போகிற போக்கில் ‘பரிசீலிக்கிறேன்’ என்று சொல்லிவிட்ட அமைச்சரிடம்தான் நமக்குப் பிடி அதிகம். பழகிய அமைச்சகங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ‘இது ஒரு தொடர் நடைமுறை’, ‘நிதி நிலைமையையும் முன்னுரிமையையும் பொறுத்து முடிவெடுக்கப்படும்’ என்று எதிலும் சிக்காத வாக்கியங்களைத் தேடிப் போடுகிறார்கள்.

பிடியே கிடைக்காத பதில் இன்னொன்று உண்டு: ‘இவ்விவரங்கள் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை.’ இது வந்தால் தவறு பெரும்பாலும் கேள்வியில்தான். அமைச்சகம் வைத்திருக்காத கணக்கைக் கேட்டிருக்கிறோம். அமைச்சகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டி, அவர்கள் எந்தத் தலைப்பில் கணக்கு வைக்கிறார்களோ அதே சொற்களில் அடுத்த முறை கேளுங்கள்.

உறுதிமொழி கிடைத்தபின் நாம் என்ன செய்யலாம்?

பதில் வந்த தேதி, கேள்வி எண், உறுதிமொழியான வாக்கியம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எம்.பி. மூலம் நிலையைக் கேளுங்கள். அவர் உறுதிமொழிக் குழுவுக்கே எழுதலாம். பாதியில் ஆட்சி மாறினாலும், அமைச்சர் மாறினாலும் உறுதிமொழி அமைச்சகத்தின் கணக்கில் நிற்கும். பெரும்பாலான சங்கங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்: கேள்வி கேட்ட நாளில் சால்வை போர்த்துகிறார்கள், மூன்றாவது மாதம் யாரும் தேதியைப் பார்ப்பதில்லை.

பூஜ்ய நேரம், விதி 377 இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. பூஜ்ய நேரம் என்ற சொல்லே நடைமுறை விதிகளில் கிடையாது. 1960-களில் வழக்கமாக வந்தது. மக்களவையில் கேள்வி நேரம் முடிந்ததும் அவசரப் பொது விஷயத்தை உறுப்பினர் ஓரிரு நிமிடத்தில் சொல்லலாம். நோட்டீஸ் கொடுத்து வாய்ப்புப் பெற வேண்டும். மாநிலங்களவையில் மூன்று நிமிடம். முடிந்ததும் ஒலிவாங்கி தானே அணைந்துவிடும். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேற்று கடலில் மீனவர்கள் கைதானார்கள், புயல் அடித்தது, தேர்வு வினாத்தாள் கசிந்தது என்பது போல 15 நாள் காத்திருக்க முடியாதவற்றுக்கு இது சரி.

விதி 377 அவ்வளவு கவர்ச்சியானது அல்ல, பலன் அதிகம். எழுதிக்கொடுத்த வாசகத்தைத்தான் படிக்க முடியும். 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று. நேரமில்லாத நாளில் படிக்காமலே அவையில் வைத்துவிடச் சொல்வார்கள். வீடியோ இல்லையே என்று வருந்த வேண்டாம். அமைச்சர் அந்த உறுப்பினருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும், அதற்கு ஒரு மாதம் என்பது நடைமுறை. மாநிலங்களவையில் இதற்கு இணையானது ‘சிறப்புக் குறிப்பு’.

நம் கருத்தைக் கேட்டால், நின்றுபோன ரயில் நிறுத்தம், மூடப்பட்ட அஞ்சலகம் போன்றவற்றுக்கு 377-தான் பொருத்தம். பூஜ்ய நேரத்தை அவசரத்துக்கு விட்டுவிடலாம்.

பிரச்சினை பெரியது, ஒரு கேள்வியில் அடங்காது என்றால்?

சில வழிகள் உண்டு. கவன ஈர்ப்பு நோட்டீஸில் அமைச்சர் அறிக்கை படிப்பார், உறுப்பினர்கள் விளக்கம் கேட்பார்கள், ஓட்டெடுப்பு இல்லை. விதி 193-ல் குறுகிய கால விவாதம். அதிலும் ஓட்டெடுப்பு இல்லை. ஒத்திவைப்புத் தீர்மானம் மக்களவையில் மட்டுமே. 50 பேர் ஆதரித்து எழுந்தால்தான் எடுப்பார்கள், அரசுக்குக் கண்டனம் போன்றது. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேராமல் நடக்காது.

பலர் மறந்துவிடும் ஒன்று வெட்டுத் தீர்மானம். பட்ஜெட் தொடரில் ஓர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை (அதன் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) வரும்போது, ‘இந்தத் தொகையில் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும்’ என்று ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது. தொகை குறையப்போவதில்லை. ஆனால் குறை அச்சில் ஏறும்.

ஏற்கெனவே வந்த பதில் தவறு என்றால்?

ஆதாரத்தோடு எம்.பி.க்கு எழுதுங்கள். அரசாணை நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், தேதி தெரியும் புகைப்படம் எதுவானாலும் சரி. மக்களவையில் சபாநாயகரின் நெறிமுறை 115-ன்படி உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதி, அமைச்சரின் கூற்றில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்டலாம். அமைச்சர் தவறை உணர்ந்தால் அவையில் திருத்த அறிக்கை வைப்பார். பதில் தவறல்ல, அரைகுறை என்றால் விதி 55-ன்கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். திங்கள், புதன், வெள்ளியில் அவையின் கடைசி அரைமணி நேரம் அதற்குரியது. மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

‘அவையைத் தவறாக வழிநடத்திவிட்டார், உரிமை மீறல்’ என்று எடுத்தவுடன் பாயாதீர்கள். வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் நம் கேள்வி வீணா?

துணைக் கேள்வி வாய்ப்புத்தான் போகும். அன்றைய எல்லாக் கேள்விகளுக்கும் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும், இணையத்திலும் ஏறும். கேள்வி நேரமே இல்லாத தொடரும் நடந்திருக்கிறது: 2020 செப்டம்பரில் கொரோனா காலத்துத் தொடரில் நட்சத்திரக் கேள்விகளே இல்லை. அப்போதும் குறியிடாத கேள்விகளுக்குப் பதில் வந்தது.

எம்.பி. இல்லாமல் நாமே நேரடியாக நாடாளுமன்றத்துக்கு மனுப் போட முடியுமா?

முடியும், மனுக்கள் குழு அதற்குத்தான் இருக்கிறது. மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர். ஆனால் நிபந்தனைகள் உண்டு. மசோதா பற்றியோ, அவை முன் உள்ள விஷயம் பற்றியோ, பொது நலன் சார்ந்த மத்திய அரசு விஷயம் பற்றியோ இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் உள்ளது, சட்டத்தில் வேறு நிவாரணம் உள்ளது, மாநில அரசின் வேலை ஆகியவை கூடாது. மொழி பணிவாக இருக்க வேண்டும். மனுவைத் தமிழில் எழுதலாம். ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்து, அதிலும் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். அவையை விளித்துத் தொடங்கி, கோரிக்கையில் முடியும் படிவம் விதிகளின் இணைப்பிலேயே இருக்கிறது. மக்களவையில் உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் தாக்கல் செய்வதே வழக்கமான வழி.

கையெழுத்து ஆயிரம் வேண்டும் என்று அலைய வேண்டாம். முழுப் பெயர், முகவரியோடு ஒருவர் இருந்தாலே மனு மனுதான். கோரிக்கை ஒரே வாக்கியத்தில் தெளிவாக இருப்பது ஆயிரம் கையெழுத்துக்குச் சமம். பத்துக் கோரிக்கைகளை அடுக்கினால் குழு எதை விசாரிப்பது?

குழு ஏற்றுக்கொண்டால் மனுதாரரையும் அமைச்சக அதிகாரிகளையும் அழைத்துக் கேட்டு அறிக்கை தரும். முன்னாள் படைவீரர்களின் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கை இப்படித்தான் பகத்சிங் கோஷியாரி தலைமையிலிருந்த மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்குப் போனது. 2011 டிசம்பரில் குழு அதை ஆதரித்து அறிக்கை தந்தது. அரசு ஏற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆனால் அதன்பின் எல்லா விவாதத்திலும் அந்த அறிக்கைதான் ஆதாரம்.

எங்கள் எம்.பி. அமைச்சராகிவிட்டார் அல்லது எதையும் கேட்க மாட்டேன் என்கிறார். என்ன வழி?

அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க முடியாது. ஆனால் உங்கள் ஊரைப் பற்றி உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள். புதுச்சேரிக்கு இரு அவையிலும் ஒவ்வொருவர். யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சம்பந்தப்பட்ட அமைச்சகத்தின் பணிகளை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவில் உறுப்பினராக இருப்பவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. அவருக்கு விஷயம் விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி கேட்பதற்குக் கட்சிக் கொறடாவின் உத்தரவு தடையல்ல. கட்சித்தாவல் சட்டம் ஓட்டெடுப்பைப் பற்றியது. ஆளுங்கட்சி எம்.பி.க்கள்கூட நிறைய கேள்விகள் கேட்கிறார்கள். ஒரே கேள்வியை நான்கைந்து எம்.பி.க்களிடம் கொடுத்தால் செயலகம் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லார் பெயரையும் போட்டுவிடும். குலுக்கலில் தேறும் வாய்ப்பு கூடும் என்பதால் அது தவறான தந்திரம் அல்ல.

தமிழில் பேசினால் அமைச்சருக்குப் புரியுமா?

உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. உறுப்பினர் முன்கூட்டியே மேசை அலுவலரிடம் சொல்லிவைக்க வேண்டும். துணைக் கேள்வியில் மட்டும் ஒரு சிக்கல்: எண்ணும் ஊர்ப் பெயரும் மொழிபெயர்ப்பில் சறுக்கும். எண்ணை மெதுவாகவும் இருமுறையும் சொல்லும் எம்.பி.க்கள் அனுபவசாலிகள்.

வெறும் கடிதம் போதாதா?

பல நேரம் போதும். எம்.பி. எழுதும் கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை, அதற்கடுத்த 15 நாளில் பதில் என்று மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு சொல்கிறது. தனிநபர் வழக்குகளுக்குக் கடிதம்தான் சரியான கருவி. பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தின் தேதியைச் சொல்லியே அடுத்த தொடரில் கேள்வி போடலாம். சமுதாயக்கூடம், நிழற்குடை வேண்டுமென்றால் கேள்வியும் வேண்டாம். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து பரிந்துரைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்க வைக்க யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா?

ஒரு பைசாகூடக் கூடாது. 2005 டிசம்பரில் பணம் வாங்கிக் கேள்வி கேட்ட புகாரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள்; மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். 2007-ல் உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கத்தைச் செல்லும் என்றது. இப்போது நோட்டீஸ் எல்லாம் இணையம் வழியாகப் போகிறது. ‘நாங்களே ஏற்றிவிடுகிறோம், பாஸ்வேர்டு கொடுங்கள்’ என்று எம்.பி. அலுவலகத்தில் கேட்காதீர்கள். வரைவைக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

ஒரு கேள்வியால் உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா?

1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு நிறுவனப் பங்குகளை ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தும் விடாமல் துருவினார். சக்ளா ஆணையம் அமைந்தது; 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

தனிநபர் மசோதாவும் (அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவருவது) பயன்படும், ஆனால் நேரடியாக அல்ல. 1970-க்குப் பின் எதுவும் சட்டமானதில்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் 2019-ல் அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது சிவாவின் மசோதா கேட்ட அளவுக்குப் போகவில்லை என்ற குறை திருநர் அமைப்புகளுக்கு உண்டு.

பதில்களை எங்கே தேடுவது?

நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில். உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி, சொல் எதைக் கொண்டும் தேடலாம். கேள்வி தயாரிக்கும் முன் கடந்த இரண்டு ஆண்டுப் பதில்களைத் தேடிப் படித்துவிடுங்கள். பாதி நேரம் உங்களுக்கு வேண்டிய எண் வேறு மாநில எம்.பி. கேட்ட கேள்வியின் இணைப்பு அட்டவணையிலேயே இருக்கும். இல்லையென்றாலும், அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் சொல்லி ‘அதற்குப் பின் ஏற்பட்ட முன்னேற்றம் என்ன’ என்று தொடங்கினால், திரும்பக் கேட்கிறார்கள் என்று தள்ள முடியாது. பெரிய அட்டவணைகள் பதிலின் கடைசியில் இணைப்பாகத் தனிப் பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று மூடிவிடாதீர்கள்.